வாக்கும் விரலும்

மனம், வாக்கு, காயம் என்று கரணங்கள் மூன்று. மனிதன் ஈட்டும் புண்ணியமும் பாவமும் இம்மூன்றின் வழியாகவே அவனை வந்தடைகின்றன என்பது சாஸ்திர நிர்ணயம். இவற்றுள் எதைக் காப்பது அரிது, எது தவறினால் பொறுக்கப்படும், எது தவறினால் பொறுக்கப்படாது என்னும் விசாரம் ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் நெடுங்காலமாக நடந்து வந்துள்ளது. பெரியோர் வழிவழியாகச் சொல்லும் ஓர் ஐதிஹ்யத்தைக் கொண்டே அதனை அறியலாம்.

பிள்ளைப்பிள்ளையாழ்வான் என்பவர் கூரத்தாழ்வானை ஆச்ரயித்தவர். நற்குடிப் பிறப்பும் கல்வியும் ஒழுக்கமும் உடையவர். ஆயினும், அவற்றால் விளைந்த செருக்கினாலோ என்னவோ, பாகவதர்களை இகழ்ந்து பேசும் குறை அவரிடம் இருந்தது. ஒரு புண்ணிய காலத்தில் பலரும் தானம் செய்துகொண்டிருக்கையில், ஆழ்வான் அவரிடம் சென்று தமக்கும் ஒரு தானம் வேண்டும் என்றாராம். தேவரீருக்கு அடியேன் தரத்தக்கது என்ன இருக்கிறது என்று அவர் திகைக்க, மூன்று கரணங்களாலும் பாகவத அபசாரம் செய்வதில்லை என்று நீர் வார்த்துத் தரும்படி ஆழ்வான் வேண்டினார். அவரும் தந்தார். சில காலம் சென்றபின், பழைய வாஸனையால் ஒரு பாகவதரை மனத்தினால் இகழ்ந்துவிட்டார். கொடுத்ததைக் காக்கவில்லையே என்னும் வெட்கத்தால் வெளியே வராமல் வீட்டிற்குள்ளேயே கிடந்தார். ஆழ்வானே அவரைத் தேடிக்கொண்டு எழுந்தருளி, நடந்ததைக் கேட்டறிந்து, அவருக்கு ஆறுதல் கூறினார். மனத்தினால் நேர்ந்த பிழையை, செய்தவன் அநுதாபப்பட்டால், ஈச்வரன் பொறுத்தருள்வான். உடலினால் பிறரை வருத்துவது அரச தண்டனைக்கு அஞ்சியாவது நின்றுவிடும். எஞ்சியது வாக்கு ஒன்றே. அதனை மட்டும் காத்துக்கொள்வீராக என்பதே அந்த ஆறுதலின் ஸாரம்.

ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஏற்பாடு இது. மனத்திற்கு ஈச்வரனுடைய க்ஷமை காவல். உடலுக்கு அரசன் காவல். வாக்கிற்கு அவரவரே காவல். இந்த ஏற்பாட்டில் இன்று ஒரு சிக்கல் நேர்ந்துள்ளது. கைபேசியை ஏந்தி, வாய் திறவாமல், எதிரே எவரும் இல்லாத அறையில் அமர்ந்து, கட்டைவிரலால் ஒருவர் மற்றொருவரை இகழ்ந்து எழுதி அனுப்புகிறார். அந்த அபசாரம் எந்தக் கரணத்தைச் சேர்ந்தது? விளையாட்டாகக் கேட்கப்படும் கேள்வியன்று இது. எந்தக் கரணம் என்று தெரிந்தாலன்றோ அதற்கு எது காவல் என்று தெரியும்.

யந்திரங்களின் வழியே மனிதர் பேசிக்கொள்ளத் தொடங்கிய வரலாறு நீண்டதன்று. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திற்கு ஒரு கணினி வழியாக முதற் செய்தி அனுப்பப்பட்டது. அனுப்பக் கருதியது ஐந்து எழுத்துக்கள் கொண்ட ஓர் ஆங்கிலச் சொல். இரண்டு எழுத்துக்கள் போய்ச் சேர்ந்தவுடன் அப்பாலிருந்த யந்திரம் நின்றுவிட்டது. சீர்செய்து மீண்டும் அனுப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்று ஸர்வர் வேலை செய்யவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள், அந்தக் குறை யந்திரத்தின் பிறவிக் குணம் என்று அறிந்து சற்றே ஆறுதல் பெறலாம். கவனிக்கத்தக்கது வேறொன்று. அன்று அனுப்பியவரும் பெற்றவரும் ஒவ்வொரு எழுத்தும் வந்ததா என்று தொலைபேசியில் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டே வேலை செய்தனர். யந்திரம் தடுமாறியபோது மனிதக் குரல் உடனிருந்தது. பின்னாளில் யந்திரம் தேறிவிட்டது. குரலுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

குரல் போனதன் பலன் விரைவிலேயே தெரிந்தது. பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி வழி அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. அதில் மின்தூக்கியையும் பாதரஸத்தையும் பற்றி வேடிக்கையாக எழுதப்பட்டதைச் சிலர் மெய்யான ஆபத்து அறிவிப்பாகவே கொண்டனர். வேடிக்கை எது, மெய் எது என்று எழுத்தில் பிரித்தறிய இயலவில்லை. 1982-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி, ஸ்காட் ஃபால்மன் என்னும் ஆசிரியர், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டால் சிரித்த முகம்போல் தோன்றும். வேடிக்கைக்கு அதை அடையாளமாகக் கொள்ளலாம் என்று யோசனை கூறினார். இன்று கைபேசிகளில் நிறைந்திருக்கும் மஞ்சள் முகங்களுக்கெல்லாம் முன்னோடி அந்த மூன்று குறிகள். சொல்லோடு முகமும் சென்றாக வேண்டும் என்பதைப் பெரும் படிப்பாளிகள் கூடிய இடத்திலும் பட்டே அறிய வேண்டியிருந்தது.

இந்த உண்மையை வால்மீகி பகவான் கிஷ்கிந்தா காண்டத்திலேயே காட்டியிருக்கிறார். பிக்ஷு வேஷத்தில் வந்து பேசிய ஆஞ்சநேயனைப் பெருமாள் இலக்குவனிடம் வியந்து கூறும்போது, சொற்பிழை இல்லாமையை மட்டும் புகழவில்லை. பேசுகையில் முகத்திலோ கண்களிலோ நெற்றியிலோ புருவத்திலோ ஒரு விகாரமும் இல்லாமையைச் சேர்த்துப் புகழ்ந்தார். பேச்சைக் காதால் மட்டும் கேட்கவில்லை, கண்ணாலும் கேட்டார் என்பது கருத்து. முகம் காணாமல் சொல்லை மட்டும் பெறுபவன், பாதிச் செய்தியையே பெறுகிறான். மீதிப் பாதியைத் தன் மனத்திலுள்ள ஐயத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறான். 2014-ஆம் ஆண்டு நவம்பரில் வாட்ஸ்அப் செய்தியில் நீலக் குறி வந்தது. படித்துவிட்டார், ஆயினும் மறுமொழி இல்லை என்பதே அன்று முதல் ஒரு தனிக் குற்றமாயிற்று. அடுப்பில் பால் பொங்கியிருக்கலாம், வாசலில் விருந்தினர் வந்திருக்கலாம் என்று எண்ணுவாரில்லை. உடன்பிறந்தார்க்குள் பேச்சுவார்த்தை நின்றுபோக அந்த இரண்டு நீலக் கோடுகள் போதுமாயிருக்கின்றன.

கடிதமும் முகமில்லாததுதானே என்று கேட்கலாம். உண்மையே. ஆனால் கடிதத்திற்குத் தாமதம் என்னும் துணை இருந்தது. கோபத்தில் எழுதினாலும், மடித்து, முகவரி எழுதி, தபால் தலை ஒட்டி, பெட்டி வரை நடக்க வேண்டும். அந்த நடையில் எத்தனையோ கடிதங்கள் கிழிக்கப்பட்டன. 1995-ஆம் ஆண்டு அக்டோபரில், இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஸாலி ஹாம்பிரிட்ஜ் என்னும் அம்மையார் தொகுத்து, இணையப் பயன்பாட்டுக்கான மரியாதை நெறிகள் வெளியிடப்பட்டன. உணர்ச்சிவசப்பட்டு எழுதும் மறுமொழியை ஓர் இரவு கடத்தி அனுப்புக என்பது அதில் ஒரு நெறி. யந்திரத்தை ஆக்கியவர்கள் தாமதத்தை ஒழித்த கையோடு, தாமதத்தை மனிதன் தானே உண்டாக்கிக்கொள்ளுமாறு வேண்டிக்கொண்டார்கள்!

யந்திரத்தின் மேல் வரும் கோபம் யந்திரத்தோடு நிற்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உத்ஸவ காலங்களில் எந்தப் பெரிய ஸன்னிதியிலும் காணக்கூடிய காட்சி இது. வெளியூரிலிருந்து வயது முதிர்ந்த தம்பதிகள் வருகின்றனர். பேரன் கைபேசியில் சேவைக்கு முன்பதிவு செய்து கொடுத்திருக்கிறான், பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, சீட்டு வரவில்லை. அல்லது பதிவு செய்யும்போது வரவேண்டிய ஓ.டி.பி. எண், அமெரிக்காவில் உள்ள பிள்ளையின் கைபேசிக்கு நடுநிசியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. சாளரத்தின் பின்னால் இருக்கும் சிறு ஊழியர் காலை 5 மணி முதல் அதே விடையைக் கூறிக் கூறிக் களைத்திருக்கிறார். கிழவர் கூச்சலிடுகிறார், ஊழியர் சீறி விழுகிறார். இருவர் பேரிலும் குற்றமில்லை. குற்றம் உடைய பொருளோ இருவருக்கும் எட்டாத எங்கேயோ ஓரிடத்தில் இருக்கிறது. ஒருவரையொருவர் வைது முடித்தபின், மூலவரை ஸேவிக்கும் மனம் இருவருக்குமே கலைந்துபோகிறது. இதில் நஷ்டம் பணத்தின் நஷ்டமன்று.

இனி, தொடங்கிய விசாரத்திற்கு வருவோம். கையினால் செய்யப்படுவதால் இது காயிகமே என்பார் சிலர். அங்ஙனமாயின் அரசன் காவல் ஆகவேண்டும். அரசும் முயன்று பார்த்தது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, பிறருக்கு எரிச்சலோ தொல்லையோ தரும் செய்தியை அனுப்புவதுகூட மூன்றாண்டுச் சிறைக்கு உரிய குற்றமாக்கப்பட்டது. எரிச்சல் என்பதற்கு எல்லை ஏது? 2015-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அப்பிரிவை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. அது தக்க தீர்ப்பே. மிரட்டலையும் அவதூறையும் தண்டிக்க வேறு சட்டங்கள் உள்ளன. ஆனால் ஒருவர் மனம் நோவதையெல்லாம் அளந்து தண்டிக்க அரசன் புகுந்தால், பிடிக்காத உண்மையைச் சொல்பவனும் சிறை செல்ல நேரும். ஆகவே அரசன் இதில் முழுக் காவல் ஆக மாட்டான், ஆகவும் கூடாது.

எதிரே ஆளில்லாமல், தனிமையில், நினைத்ததை நினைத்தபடி எழுதுவதால் இது மானஸிகத்தோடு சேரும் என்பர் வேறு சிலர். இதிலும் ஓர் உண்மை உண்டு. ஜான் சுலர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 2004-இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில், இணையத்தில் மனிதர் நேரில் சொல்லத் துணியாததைச் சொல்லிவிடுவதற்குக் காரணங்களை ஆராய்ந்தார். தான் யாரென்று தெரியாமை, பிறர் கண்ணுக்குப் புலப்படாமை முதலியவற்றோடு, எதிரிலிருப்பவர் தன் மனத்திற்குள்ளேயே இருந்து பேசுவதுபோன்ற மயக்கமும் ஒரு காரணம் என்று அவர் காட்டினார். எழுதுபவன் தன் மனத்தோடு பேசுவதாகவே எண்ணிக்கொள்கிறான். ஆனால் மானஸிகப் பிழைக்கு ஆழ்வான் காட்டிய பரிஹாரம் அநுதாபம் அன்றோ? அதற்கு நினைவுக்கும் செயலுக்கும் இடையே சிறிது இடம் வேண்டும். பிள்ளைப்பிள்ளையாழ்வான் வீட்டிற்குள் கிடந்து வருந்தியது அந்த இடத்தில்தான். கைபேசியில் அந்த இடம் ஒரு விரற்கடையும் இல்லை. நினைவு எழுகிறது, விரல் அசைகிறது, 200 பேர் படித்துவிடுகிறார்கள். அழித்தாலும் அதற்குள் ஒருவர் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

எனவே, புறப்படும் இடத்தில் அது மானஸிகம். போய்ச் சேரும் இடத்தில் வாசிகம் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. சில வேளைகளில் அது காயிகமாகவும் முடிகிறது. அதற்கு ஸாக்ஷியாகத் தமிழ்நாட்டிலேயே நேர்ந்த ஒரு கொடுமையைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

2018-ஆம் ஆண்டு மே மாதம். குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் வந்திருக்கிறது என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியாக வட மாவட்டங்களில் பரவியிருந்தது. சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த சிற்றூர்ப் பக்கம் தங்கள் குலதெய்வத்தை வழிபடக் காரில் சென்றனர். வழியில் இறங்கி, அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். ஊரார் திரண்டு அடித்தனர். 65 வயதுடைய மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தனர். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு குழந்தையைக் கண்டால் கையில் உள்ளதைக் கொடுப்பது இந்நாட்டு மூதாட்டிகளின் ஸ்வபாவம். அந்த ஸ்வபாவமே அந்த அம்மையாருக்கு ம்ருத்யுவாயிற்று. அவ்வாண்டு நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நடந்தபின், ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரையறுத்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரே ஓர் இடத்திற்கு மட்டும் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் குறைத்தது.

அடித்தவர்கள் கைது செய்யப்பட்டனர். அனுப்பியவர்கள்? ஆயிரக்கணக்கானோர் அதை அனுப்பியிருப்பர். ஒவ்வொருவரும், நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன், நல்ல எண்ணத்தோடு எச்சரித்தேன் என்றே சொல்வர். அதில் பொய்யும் இல்லை. செய்பவன், செய்விப்பவன், தூண்டுபவன், உடன்பட்டு மகிழ்பவன் ஆகிய நால்வருக்கும் வினையில் பங்கு உண்டு என்பது தர்மசாஸ்திர மரபு. ஆனால் அனுப்பியவன் இந்நால்வரில் ஒருவனாகவும் தன்னை அறியமாட்டான். மகிழவும் இல்லை, தூண்டவும் கருதவில்லை. படித்தான், பயந்தான், அனுப்பினான். அறியாமல் செய்தது என்று விட்டுவிடலாமா? அறிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதுமாயிருந்தும் அறிய முயலாதவனை அறியாதவன் என்று சொல்வது எளிதன்று. விளைவை எண்ணிப் பார்க்காமை என்பதும் ஒரு செயலே.

ஸுந்தர காண்டத்தில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. இலங்கையை எரித்து முடித்துக் கடலில் வாலை நனைத்தபின்தான் ஆஞ்சநேயனுக்கு, ஐயோ, பிராட்டி அதே ஊரில் அன்றோ இருக்கிறாள் என்ற எண்ணம் எழுகிறது. ராம தூதன், எடுத்த காரியத்தையெல்லாம் முடித்தவன், அவனே நடுங்கி, கோபத்திற்கு இடம் கொடுத்த தன்னைத் தானே நிந்தித்துக்கொள்கிறான். பிராட்டி க்ஷேமமாக இருக்கிறாள் என்ற சொல் ஆகாயத்திலிருந்து காதில் விழும்வரை அவனுக்கு உயிர் இல்லை. பிராட்டியை நெருப்புச் சுடவில்லை. அது அவள் பெருமை. போளூர்ப் பக்கத்தில் அங்ஙனம் ஒன்றும் நடக்கவில்லை.

அதே ஆஞ்சநேயன் அதற்கு முன்பு மரத்தின் மேல் அமர்ந்து எவ்வளவு யோசித்தான் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். கையில் பெருமாள் தந்த மோதிரம் இருக்கிறது. சொல்ல வேண்டிய செய்தி உண்மையானது, இனியது. அப்படியிருந்தும், எந்த மொழியில் பேசினால் பிராட்டி அஞ்சாள், ஸம்ஸ்கிருதத்தில் பேசினால் ராவணன் என்று எண்ணி மருள்வாளே என்று எண்ணி எண்ணிப் பார்த்துத்தான் வாய் திறந்தான். செய்தியின் உண்மை மட்டும் போதும் என்று அவன் கருதவில்லை.

வெளியுலகத்தாரைச் சொன்னது போதும். ஸ்ரீவைஷ்ணவ கோஷ்டிகளின் கைபேசிக் குழுக்கள் எப்படி இருக்கின்றன? காலையில் திருநக்ஷத்திரத் தனியன், பெருமாள் திருமேனிப் படம். நண்பகலுக்குள் கலை பேதச் சண்டை. திருமண் காப்பைப் பற்றியும் முதலில் எந்தத் தனியன் என்பது பற்றியும் நீதிமன்றம் சென்று வழக்காடிய வரலாறு நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. அதைப் புதிதாக எவரும் உண்டாக்கவில்லை. ஆனால் வழக்காடியவர்கள்கூட எதிர்க்கட்சியின் ஆசார்யர்களைப் பொதுவிடத்தில் பெயர் சொல்லி ஏச நாக்கூசினர். இப்போது விரல் கூசுவதில்லை. எல்லாவற்றிலும் விசித்திரம், ஏசி முடித்தபின் கடைசி வரியில் அடியேன் ராமாநுஜ தாஸன் என்று கையொப்பம் இடுவதுதான். அடியேன் என்ற சொல் இப்படி ஒரு வேலைக்குப் பயன்படும் என்று அதை வழங்கிய பெரியோர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் விலக்கப்பட்டவற்றை நான்கு படிகளாக வகுத்து, ஒன்றைவிட மற்றொன்று கொடிதாகச் சொல்லிச் செல்கையில், பகவதபசாரத்திற்கும் மேலே பாகவத அபசாரத்தை வைத்தார். அதற்கும் மேலே, ஒரு காரணமும் இன்றிச் செய்யும் அஸஹ்யாபசாரத்தை வைத்தார். இன்று குழுக்களில் எழுதப்படும் பலவற்றிற்கு என்ன காரணம் என்று எழுதியவரையே கேட்டால், பொழுது போகவில்லை என்பதைத் தவிர வேறு விடை கிடைக்குமா என்பது ஸந்தேகம்.

அப்படியானால் பிறர் பிழையைக் கண்டும் வாய்மூடி இருப்பதே தர்மம் என்று கொள்ளலாமோ? கூடாது. பொய் பரவும்போது பேசாதிருப்பது பொய்க்குத் துணை. விபீஷணாழ்வான் தமையனுக்கு ஹிதம் சொல்லாமல் இருக்கவில்லை. ஸபையில், முகத்தெதிரே, சொல்ல வேண்டியதைச் சொன்னான், ஏச்சும் பெற்றான். திருப்பி ஏசித் தன் வாதத்தை நிலைநாட்ட நிற்காமல், நான்கு பேரோடு எழுந்து வெளியேறினான். பெருமாள் இருக்கும் கரை நோக்கிச் சென்றான். பயனற்ற குழுவிலிருந்து விலகுவதைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் அந்த விலகலை எண்ணிப் பார்க்கலாம்.

கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான விதிகளை 1980-இல் எழுதியபோது, ஜான் போஸ்டல் என்னும் அறிஞர் ஒரு பொது நெறியைச் சேர்த்தார். ஒவ்வொரு யந்திரமும் தான் அனுப்புவதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். தனக்கு வருவதில் பிழை இருந்தாலும் கூடியவரை பொறுத்து ஏற்க வேண்டும் என்பது அதன் கருத்து. முன்னே சொன்ன 1995-ஆம் ஆண்டு நெறிகள் அதையே மனிதருக்கும் உரியதாக எடுத்துக்கொண்டன. யந்திரங்கள் இன்றளவும் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. மனிதரிடத்தில் முறை மாறியிருக்கிறது; தாம் அனுப்புவதற்கு ஆராய்ச்சி இல்லை, தமக்கு வருவதில் எழுத்துக்கு எழுத்து ஆராய்ச்சி.

வருவதைப் பொறுத்து ஏற்பதற்கு எல்லை எதுவென்று கேட்டால் மீண்டும் ஆழ்வானிடத்திலேயே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. சோழன் ஸபையில் ஆழ்வான் கண்களை இழந்ததற்குக் காரணமாயிருந்தவன் நாலூரான். ஆழ்வானுக்கே சிஷ்யனாய் இருந்தவன். அரசன் காதில் சொன்ன ஒரு சொல்லால் அத்தனையும் நடந்தது. பின்னர் காஞ்சியில் பேரருளாளன் ஸன்னிதியில் வேண்டும் வரம் கேள் என்றபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று ஆழ்வான் கேட்டார். கண்களைக் கேட்கவில்லை.

2022-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்ய உத்தரவிட்டது. வாசலில் கருவியைக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பவர்கள் முதற் கால் மணி நேரம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். பிறகு, தேவரீருக்கு எந்த ஊர் என்று யாரோ ஒருவர் கேட்கிறார். முந்தின இரவு ஏதோ ஒரு குழுவில், முகமறியாமல், ஒருவரையொருவர் வைத இருவர்கூட அந்த வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கக்கூடும். படியேறும்போது முன்னவர் தடுமாறினால் பின்னவர் கை கொடுக்கிறார். தீர்த்தம் ஸாதிக்கையில் வழி விடுகிறார். சடாரி இருவர் முடியிலும் வைக்கப்படுகிறது.